எட்டு மணல் மூட்டையும் சாமி பெட்டியும்

மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றிய ஒன்றரை வருடத்தில் நான் உருப்படியாகச் செய்த இன்ஜினீயரிங் வேலை ஒன்றே ஒன்றுதான். ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு இரும்புப் பட்டையைக் கழற்றினேன். சிரிக்காதீர்கள். அந்தப் பட்டையைக் கழற்ற எனக்கு மூன்று மாதம் ஆனது.

அப்பாவுக்குத் திருப்பரங்குன்றத்தில் வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, குண்டா, பிளாஸ்டிக் சேர், சாமியானா. கல்யாண வீடுகளுக்கு இதையெல்லாம் ஏற்றிப்போக செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி அது. முகூர்த்தம் இருக்கும் நாளில் அது அப்பாவின் வண்டி, இல்லாத நாளில் என் வண்டி. ஒரு சாமியானாத் துணி, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு தண்ணி டிரம், ரெண்டு பாய். தூக்கிப் போட்டுக்கொண்டு மாப்ளயும் நானும் பேரையூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் போய் ரெண்டு நாள் கிடப்போம். மாப்ள சொந்தக்காரன் இல்லை, அவனுக்கு நானும் மாப்ளதான். காலேஜில் நாலு வருடம் ஒரே பெஞ்ச். டவுனில் நூல் சாய வியாபாரம் பண்ணுகிற சௌராஷ்டிரக் குடும்பத்துப் பையன். வழியில் எஸ்டிடி பூத்தில் இறங்கி வீட்டுக்குப் போன் போட்டு, அவர்கள் பாஷையில் ஏதோ பொய் சொல்வான். எனக்கு அதில் 'இன்டர்வியூ' மட்டும் புரியும்.

ப்ரவுசிங் சென்டரில் ஒரு நாள் பார்த்தால், ஆஸ்திரேலியாக்காரன் ஒருத்தன் நாங்கள் செய்கிற அதே வேலையைச் செய்துவிட்டு, பக்கம் பக்கமாக அதைப் பற்றி எழுதியும் வைத்திருக்கிறான். பிக்கப்புக்கு என்ன ஷாக் அப்சார்பர் போடலாம், ஸ்பிரிங்கை எத்தனை இன்ச் உயர்த்தலாம், பாலைவனத்தில் எப்படிக் கேம்ப் அடிக்கலாம் என்று. அன்றைக்கு அது எனக்கு வெறும் வேடிக்கைதான். அந்த வருடம் மாசி மாதம் வந்த பிறகுதான் அது தலைபோகிற விஷயமானது.

எங்கள் குலசாமி கோயில் பேரையூரையும் தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. சாமியின் பட்டு, சலங்கை, பிரம்பு எல்லாம் ஒரு மரப்பெட்டியில் இருக்கும். அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் இருக்கும். மாசி சிவராத்திரிக்கு அதைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். பங்காளிகள் மொத்தமும் அடுப்பு, அரிசி, ஆடு சகிதம் போய் அந்தப் பொட்டலில் ரெண்டு நாள் தங்கும். ஆஸ்திரேலியாக்காரன் கேம்ப் என்பான். எங்கள் வீட்டில் 'சாமி கும்புடப் போறோம்' என்பார்கள்.

பெட்டியைத் தூக்குவது அப்பா. அதற்குச் சட்டதிட்டம் உண்டு. பெட்டி வழியில் எங்கேயும் தரையில் படக்கூடாது. பெட்டிக்கு மேலே கூரை இருக்கக்கூடாது. அதனால் அத்தை மகனின் ஏசி கார் கதைக்கு ஆகாது, திறந்த வண்டிதான். தூக்குகிறவர் விரதம். மெத்தை, தலையணையில் உட்காரக்கூடாது, வெறும் பலகைதான். பெட்டியைக் கையில் வாங்கியதிலிருந்து கோயிலில் இறக்கும்வரை வாய் திறந்து பேசக்கூடாது. நடுவழியில் பெட்டி கை மாறினால், அதோடு அந்த உரிமை அடுத்த தம்பியின் குடும்பத்துக்குப் போய்விடும். அப்புறம் கேட்டாலும் வராது.

அந்த வருடம் நான்தான் வண்டி ஓட்டினேன். அப்பா பின்னால் பலகையில், மடியில் பெட்டியோடு. தார் ரோடு முடிந்து காட்டுப் பாதையில் இறங்கியதும் வண்டி குதித்த குதியில் அப்பாவின் இடுப்பு பிடித்துக்கொண்டது. எனக்குத் தெரியவே இல்லை. அவர்தான் பேச முடியாதே. கோயிலில் போய் நிறுத்திப் பார்த்தால் முகமெல்லாம் வேர்வை, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாலு பேர் அவரைப் பெட்டியோடு சேர்த்து இறக்கினோம். பெட்டியை மட்டும் விடவில்லை. ஊருக்கு வந்து மூன்று மாதம் கட்டிலில் கிடந்தார்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி, "முதுகெலும்புத் தட்டு விலகியிருக்கு. குலுங்கவே கூடாது பாத்துக்கங்க. இன்னொரு தடவை இப்பிடி ஆச்சுன்னா ஆபரேசன்தான்" என்றார்.

சித்தப்பா பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அடுத்த வருசம் வேணா நான் தூக்கிக்கிறேண்ணே."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இடுப்பு வலியோடு திரும்புவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. ஆனால் அந்த முதுகைப் பார்த்த பிறகு அந்த வண்டியை ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று ஆகிவிட்டது.

கார்த்திகையில் ஆரம்பித்தேன். ஆஸ்திரேலியாக்காரனை ஒரு கட்டு பிரிண்ட் அவுட் எடுத்துக்கொண்டு, பைபாஸ் ரோட்டில் இருக்கும் பட்டைக் கடைக்குப் போனேன். லாரி, பிக்கப்புகளுக்குப் பின்னால் வில் மாதிரி வளைந்த இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்களே, அதுதான் பட்டை. அந்தக் கடையில் வேறு எதுவும் கிடையாது. மேஸ்திரி ஒரு பேப்பரை வாங்கிப் படத்தைப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"இது என்ன தம்பி, வண்டியா ராக்கெட்டா?"

"இந்த மாதிரி சஸ்பென்ஷன் பண்ண முடியுமாண்ணே?"

"உனக்கு இப்ப என்ன பிரச்சினை, அதச் சொல்லு."

"தூக்கித் தூக்கிப் போடுது."

"அம்புட்டுத்தானே? ரெண்டு பட்டை ஏத்துனா சிக்குன்னு நிக்கும்."

மதுரையில் வண்டிக்கு என்ன வியாதி என்றாலும் மருந்து இதுதான். ரெண்டு பட்டை ஏத்து. நான் பரீட்சையில் ஸ்பிரிங்குக்குப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டவன். கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். அவர் சொன்ன தோரணையில் எனக்குப் படித்ததெல்லாம் மறந்துபோய், "போடுங்கண்ணே" என்றேன்.

போட்டு முடித்ததும் வண்டியின் பின்பக்கம் கட்டெறும்பு மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. பார்க்க சூப்பராக இருந்தது. அதில்தான் நான் ஏமாந்தேன்.

சோதனை செய்ய ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். கடையில் வெள்ளை பிளாஸ்டிக் வாளி ஒன்று கிடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தண்ணீர் எவ்வளவு என்று தெரியும். அதில் மார்க்கர் பேனாவால் மேலிருந்து கீழே பத்துக் கோடு போட்டேன். விளிம்புவரை தண்ணீர் பிடித்து, பெட்டி மாதிரி மடியில் வைத்துக்கொண்டு மாப்ள பின்னால் உட்கார வேண்டும். நாகமலை புதுக்கோட்டை வரை போய், அங்கே கண்மாய்க்கரை மண் பாதையில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப வேண்டும். எத்தனை கோடு தண்ணீர் குறைகிறதோ அத்தனை அப்பாவின் இடுப்புக்குச் சேதம். படிப்பு வீண் போகவில்லை பாருங்கள்.

திரும்பி வந்து நிறுத்தினேன். மாப்ள இறங்கவில்லை. தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"எத்தன கோடு மாப்ள?"

"கோடா? டேய், தண்ணி பூராம் என் பேன்ட்லதான்டா இருக்கு. பிழிஞ்சு அளந்துக்க."

"சீரியஸா சொல்லுடா."

"ஏழு. ஏழு கோடு காலி. இதுல உங்கப்பாவ ஏத்துன, பெட்டி தனியா, அவர் தனியா, நீ ஜெயில்ல தனியா."

பட்டை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை அளந்து வைத்திருந்தோம். அப்போது ஐந்து கோடு. ஆக, நான் இன்னும் கெடுத்து வைத்திருந்தேன். ஆஸ்திரேலியாக்காரன் சொன்ன ஷாக் அப்சார்பர் இங்கே கிடைக்கவே இல்லை. ஒரு கடையில் கேட்டதற்கு, "ஷாக்குன்னா எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்று ஏதோ ஜீப்பில் கழற்றியதை எடுத்துக் காட்டினார்கள். பட்டைக்குப் பதிலாகப் பேருந்துக்குப் போடுகிற காற்றுப் பை கேட்டேன். அது எங்கள் வண்டிக்கு அடியில் நுழையாது.

அப்பா இப்போது பழையபடி கடைக்குப் போய்வர ஆரம்பித்திருந்தார். சாயங்காலம் வாசலில் நின்று, வண்டிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் என் காலைப் பார்ப்பார். எதற்கு இதெல்லாம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மாதான், "மாசி வந்துரும்டா" என்பாள், ஏதோ பரீட்சை வருகிற மாதிரி.

விடை தையில் கிடைத்தது. பேரையூரில் ஒரு கல்யாணத்துக்குப் பாத்திரம் இறக்கியிருந்தோம். முடிந்ததும் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்தோம். அண்டா, நூறு சேர், கொட்டகைக் கம்பு, வண்டி கொள்ளாத லோடு. மாப்ள கல்யாணச் சாப்பாட்டுக்காகவே கூட வந்தவன். கிளம்பும்போது ஒரு டம்ளர் பாயசத்தை வாங்கி, என் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டான். திருமங்கலம் வந்ததும் முழித்தான்.

"மாப்ள, பாயசம் அப்பிடியே இருக்கு."

"குடிச்சுட்டுத் தூங்க வேண்டியதுதானே?"

"அது இல்லடா. அப்பிடியே இருக்கு. பாரு!"

வண்டியை ஓரம் கட்டினேன். டம்ளரை எட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. எப்போதும் தூக்கிப் போடுகிற அதே ரோடு, அதே வண்டி, அதே பட்டை. லோடு மட்டும்தான் வேறு. இறங்கிப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். கட்டெறும்பு மாதிரி தூக்கியிருந்த பின்பக்கம் இறங்கி, பட்டைகள் நேராகி, மாப்ள இறங்கிய ஆட்டத்தில் சோம்பேறித்தனமாக அசைந்துகொண்டிருந்தன. லோடு வண்டிக்குச் செய்த பட்டை லோடு இருந்தால்தான் வளையும். நாங்களோ காலி வண்டியில் ஒரு மனுசனையும் ஒரு பெட்டியையும் வைத்துக்கொண்டு போகிறோம். அது தூக்கிப் போடாமல் என்ன செய்யும்? இதை நான் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்த எரிச்சலில் பாயசத்தை நானே குடித்துவிட்டேன்.

மறுநாள் பட்டைக் கடை.

"ரெண்டையும் கழட்டிருங்கண்ணே. கழட்டிட்டு, நடுவுல இருக்குறதுல இன்னும் ஒண்ணக் கழட்டுங்க."

மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "பட்டையைக் கழட்டச் சொல்லி வந்த மொத ஆளு நீதான் தம்பி. நல்லாத்தான இருக்க?"

"அடியில இருக்குற தடிச்ச பட்டையை மட்டும் விட்டுருங்க."

"அது மட்டும் எதுக்கு?"

"அது சும்மா நாள்ல வேலை செய்யாது. ரொம்பக் கனம் ஏறுனாத்தான் மேல் பட்டை போய் அதத் தொடும். அது கடைசியாத் தாங்குற கை."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் கழற்றினார். ஷாக் அப்சார்பர் வெளிநாட்டுச் சரக்கெல்லாம் வேண்டாம் என்று, அதே வண்டிக்கான புதுசு ஒரு ஜோடி மாட்டினேன். பழசு ரெண்டிலும் எண்ணெய் போய், சைக்கிள் பம்பு மாதிரி லொடலொடவென்று இருந்தது. பின்சக்கரத்துக்கு மேலே இருந்த பலகையைப் பிடுங்கி, டிரைவர் கேபினை ஒட்டி முன்னால் அடித்தேன். அங்கேதான் குதி குறைவு. கடைசியாக, சிமென்ட் சாக்கில் ஆற்று மணல் கட்டி, ஒரு ஆள் கனத்துக்கு ஒரு மூட்டை என்று எட்டு மூட்டை. எல்லாவற்றையும் ஏற்றி, மாப்ளயை ஏற்றி, வாளியை ஏற்றி, நாகமலை புதுக்கோட்டை.

ஒரு கோடு. ஒரே ஒரு கோடுதான் குறைந்திருந்தது. மாப்ள அந்த மண் பாதையிலேயே வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு ஆட்டம் போட்டு, அதில் ரெண்டு கோட்டைச் சிந்தினான்.

சிவராத்திரிக்கு மதியம் கிளம்புவதாகப் பேச்சு. வண்டியில் அப்பா, பக்கத்தில் வாளியோடு மாப்ள, எட்டு மூட்டை, அவ்வளவுதான். சொந்தக்காரர்களுக்கு வேன் சொல்லியிருந்தது. நான் போட்ட கணக்கில் ஒரு ஓட்டையும் இல்லை, எங்கள் சொந்தக்காரர்களைத் தவிர.

வேன் வந்தது. பாதிப் பேர் அதில் ஏறவில்லை. அத்தை வந்து பிக்கப்பின் பின்கதவைப் பிடித்தாள்.

"நான் பெட்டி கூடத்தான்டா வருவேன். சாமிய விட்டுட்டு வேன்ல போகவா?"

"அத்த, இதுல கனம் கணக்கா வச்சிருக்கேன். ஒரு ஆள் ஏறுனாக்கூட..."

"நான் ஒரு ஆளாடா உனக்குக் கனம்?"

ஏறிவிட்டாள். ஏறிய கையோடு கையை நீட்டித் தன் மருமகளையும் இழுத்தாள். நான் மாப்ளயைப் பார்த்தேன். அவன் ஒரு மூட்டையை உருட்டி வெளியே தள்ளினான். அத்தை கேட்டாள்: "எதுக்குடா அதத் தள்ளுற?"

"நீங்க ஏறிட்டீங்கல்ல அத்த. உங்களுக்குப் பதிலா."

"எனக்கு ஒரு மூட்டையா!"

"ஒண்ணரை தள்ளணும். பாதி மூட்டை இல்ல" என்றான் பாவி. முதுகில் அடி விழுந்தது.

அப்புறம் சித்தி. ஒரு மூட்டை. சித்தப்பா. ஒரு மூட்டை. அவர் ரெண்டு பிள்ளைகள். ரெண்டுக்கும் சேர்த்து ஒரு மூட்டை. ஒவ்வொருவர் ஏறும்போதும் வாசலில் தொப்பென்று ஒன்று விழுந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. எட்டும் காலியான பிறகும் ஆள் ஏறிக்கொண்டிருந்தது. காலி டிரம், அடுப்பு, அரிசி மூட்டை, சாமியானாவோடு ஆட்டையும் ஏற்றினார்கள். கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஆட்டைச் சேர்க்காமல் பதினான்கு. குனிந்து பார்த்தேன். மேல் பட்டைகள் இறங்கி, அடியில் இருந்த தடிச்ச பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தன. என் கடைசிக் கை. வீட்டு வாசலிலேயே அதுவும் இறங்கிவிட்டது.

அப்பா வந்தார். வெறும் உடம்பு, ஈர வேட்டி, தோளில் மாலை. அம்மா பெட்டியை அவர் கையில் கொடுத்தாள். அந்த நொடியிலிருந்து அவருக்குப் பேச்சு கிடையாது. பலகையில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்தார். வாசலில் சிதறிக் கிடக்கும் மூட்டைகளை ஒரு பார்வை பார்த்தார். என்னை ஒரு பார்வை. கண்ணை மூடிக்கொண்டார்.

திருமங்கலம் வரை நான் மூச்சு விட்டேனா என்று எனக்கே தெரியாது. பின் கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது ரெண்டுதான். அப்பாவின் முதுகு. அதற்குப் பக்கத்தில், பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்த மாப்ள மடியில் வாளி. முதுகு ஒன்றும் சொல்லாது. அதனால் வாளியைப் பார்த்து ஓட்டினேன். கோடு இறங்கவில்லை. பேரையூர் வந்தபோது ஒன்று இறங்கியிருந்தது. சரி. காட்டுப் பாதையில் திரும்பினேன். போன வருடம் இடுப்பு பிடித்த அதே பாதை. ஒரு பள்ளத்தில் மெதுவாக இறங்கி ஏறினேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, தொட்டிலில் ஆட்டின மாதிரிதான் இருந்தது. நிம்மதியாகக் கண்ணாடியைப் பார்க்கிறேன், வாளியில் ஐந்து கோடு காலி.

பிரேக்கை மிதித்தேன். கதவைத் திறந்துகொண்டு பின்னால் ஓடினேன்.

"என்னடா ஆச்சு? அப்பாவுக்கு என்ன?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அப்பா கண் மூடியபடியே இருந்தார். சித்தப்பா கத்தினார். "பெட்டி ஏறுன வண்டிய நடுவுல நிறுத்துவியாடா? எடுடா!"

"தண்ணி எப்பிடி இம்புட்டுக் கொறஞ்சுச்சு?"

மாப்ள தலையைத் தொங்கப் போட்டான். அத்தை வாயைத் துடைத்தாள். "வெயிலு மண்டையப் பொளக்குது. குடிக்கத் தண்ணி வச்சிருக்கான்னு ஆளுக்கு ஒரு வாய் குடிச்சோம். அதுக்கு ஏன்டா இந்தக் கத்து கத்துற?"

"ஆட்டுக்கும் குடுத்தாய்ங்க மாப்ள" என்றான் அவன், எல்லாவற்றையும் சொல்லிவிடும் முடிவோடு.

நான் திரும்பப் போய் உட்கார்ந்து வண்டியை எடுத்தேன். இனிமேல் பார்க்க வாளியும் இல்லை. மிச்சப் பாதை முழுக்க அந்த முதுகு மட்டும்தான். அது அசையாமல் இருந்தது. வலியில் அசையாமல் இருக்கிறதா, வலி இல்லாமல் அசையாமல் இருக்கிறதா? போன வருடமும் இப்படித்தான் அசையாமல் இருந்தது.

கோயில் வந்தது. பொழுது இன்னும் சாயவில்லை. மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள். எல்லோரும் குதித்து இறங்கினார்கள். பின்கதவை இறக்கி, ஒரு ஸ்டூலைப் போட்டேன். போன வருடம் அவரைத் தூக்கிய நாலு பேரும் தாமாகவே வந்து வரிசையாக நின்றார்கள். சித்தப்பா மேல் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கையை நீட்டத் தயாராக நின்றார்.

அப்பா கண்ணைத் திறந்தார். பெட்டியை மடியிலிருந்து நெஞ்சுக்கும், நெஞ்சிலிருந்து தலைக்கும் ஏற்றினார். எழுந்தார். ஒரு கையால்கூட எதையும் பிடிக்கவில்லை. வண்டியின் விளிம்புவரை நடந்து, ஸ்டூலில் ஒரு கால், தரையில் ஒரு கால். நாலு பேரும் விலகினார்கள். மேளத்துக்குப் பின்னால் அந்த முதுகு நேராக, யாரையும் திரும்பிப் பார்க்காமல் போனது. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

சித்தப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். துண்டை அவிழ்த்து முகம் துடைத்தார்.

"அப்ப அடுத்த வருசமும் அண்ணேந்தான?"

"ஆமா சித்தப்பா."

"ஆத்தாடி" என்று ஒரு பெருமூச்சு விட்டார். "உங்கப்பனுக்கு ஒண்ணு ஆனா நாம தூக்கணுமேன்னு பத்து நாளா விரதம்டா நானும். ஒரு பீடி இல்ல. ஒரு கறி இல்ல. அங்கிட்டு யாருகிட்டயும் சொல்லிராத." வண்டிக்குப் பின்னால் மறைந்து போனார். கொஞ்ச நேரத்தில் அங்கேயிருந்து பீடிப் புகை வந்தது.

மாப்ளயும் நானும் சாமியானாவைக் கட்டினோம். டிரம், அடுப்பு, அரிசி மூட்டை என்று இறக்க இறக்க வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. அடிப் பட்டை விலகிக்கொண்டது. வண்டியின் நிழலில் மல்லாந்து படுத்து அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். மாப்ள காலி வாளியைத் தலைக்கு வைத்துப் படுத்தவன் உடனே குறட்டை விட்டான்.

பெட்டியை இறக்கிவிட்டு அப்பா வந்தார். நெற்றி நிறைய விபூதி. என் தலைமாட்டில் வந்து நின்றார். நான் எழுந்து உட்கார்ந்தேன். இடுப்பைப் பற்றிக் கேட்க வாய் எடுப்பதற்குள் அவரே பேசிவிட்டார்.

"மூட்டையெல்லாம் வாசல்லயே போட்டுட்டு வந்துட்ட. பால்காரன் எப்பிடி உள்ள போவான்?"

"போயி எடுத்து வைக்கிறேன்ப்பா."

"எடுத்துப் பத்திரமா வையி, அடுத்த வருசத்துக்கு ஆகும். திரும்பிப் போறப்ப உங்க அத்தை எல்லாரையும் கூட்டிக்கிட்டு வேன்ல வாரேன்றா. அப்ப வண்டி காலியாத்தான வரும்? இங்கயே எட்டுச் சாக்குல மண்ண அள்ளி ஏத்திக்க."

சொல்லிவிட்டு, கீழே கிடந்த அரிசி மூட்டையின் ஓரத்தைப் பிடிக்கக் குனிந்தார். "யப்பா, விடுங்க!" என்று நானும் மாப்ளயும் ஒன்றாகப் பாய்ந்தோம்.